ஒரு பொட்டுச் செம்பு

“எல்லாம் அந்த நீலத் தண்ணி பண்ணின வேலை,” என்று துக்கம் கேட்க வந்த ஒன்பதாவது ஆளிடம் அண்ணன் சொன்னபோது தங்கை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“களிமண் பொம்மைக்கு வீட்லயே செம்பு முலாம் பூசறாளாம். ராத்திரி முழுக்க அந்தப் புகையிலயே உட்கார்ந்திருந்திருக்கா. சொன்னா கேட்டாத்தானே?”

வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கூடத்தின் நடுவே அக்கா படுத்திருந்தாள். இல்லையென்று சொல்ல அவளால் முடியாது. செத்தவள் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு வசதி! தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேராகப் பின்னறைக்குப் போனாள். மேசைமேல் நீலக் கரைசல் இருந்த ஜாடி மூடி போட்டபடியே இருந்தது. கம்பிகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு களிமண் நத்தை, மின்சாரம் பிடிப்பதற்கான கரிப்பூச்சோடு கன்னங்கரேலென்று காய்ந்து கிடந்தது. வீடியோ பார்த்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டதிலிருந்து அக்கா போனில் வேறெதுவும் பேசியதில்லை. ஐந்தே நிமிஷம் கரண்ட் விட்டால் போதுமாம், செம்பு ரோஸ் நிறத்தில் படிய ஆரம்பித்துவிடுமாம். அவசரப்பட்டுக் கரண்டைக் கூட்டினால் தூளாக உதிருமாம்.

தங்கை நத்தையைக் கொண்டுவந்து அண்ணன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

“ஒரு பொட்டு செம்பு இருக்கா, காட்டு. இருக்கான்னு கேக்கறேன்! அவ கரண்டே போடலை. நெஞ்சு வலிக்குதுன்னு நேத்து சாயங்காலமே உன்கிட்ட வந்து சொல்லியிருக்கா. வாயுதான், வெந்நீர் குடின்னு சொல்லிட்டு டிவி முன்னாடி உட்கார்ந்துட்டே. இப்ப புகையா?”

அண்ணி கையைப் பிசைந்தாள். அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்புறம் உனக்குத்தானே போன் பண்ணினா,” என்றான். “நீ என்ன சொன்னே?”

அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், பேசாம படு, காலைல பாத்துக்கலாம். அதைத்தான் நேற்று ராத்திரி அவள் போனில் சொன்னாள். அடுப்பில் பால் பொங்கியது, போனை வைத்துவிட்டாள்.

அண்ணன்மேல் இருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. இப்போது தன்மேலும் மூண்டது. அதை யார் மூஞ்சிக்கு நேரே நீட்டுவது?

வாசலில் வண்டி வந்து நின்றது.

“கால் பக்கம் பிடிக்க ரெண்டு பேர் வாங்க,” என்றார் ஓட்டுநர்.

தங்கை நத்தையை நாற்காலியில் வைத்தாள். ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் அவளுமாகக் குனிந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.