மூன்றாவது மடிப்பு

ரீன்ஹார்ட் வாக்டெலுக்கு வந்த கடிதங்கள் எங்கள் மில்வாக்கி நூலகத்துக்குப் பன்னிரண்டு பெட்டிகளில் வந்து சேர்ந்தன. சோசலிஸ்ட் கட்சி அமெரிக்காவில் கால் ஊன்றிய நாட்களில் அதன் பெரிய குரல் அவருடையது. சுரங்கத் தொழிலாளி, ரயில்வேக்காரன், பண்ணை வேலையாள் என்று யார் எழுதினாலும் பதில் போட்டுவிடுவார். பெட்டிகளைக் கொடுத்தவர் அவருடைய தங்கை ஒட்டிலி. கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணனுக்குத் தட்டச்சு செய்தே வயதானவர். செவ்வாய்க்கிழமைதோறும் டிராமில் வந்து என்னோடு உட்கார்ந்து கடிதங்களை அடுக்குவார்.

"புரட்சி எப்ப வரும்னு கேட்டு எழுதினவங்க பத்துப் பேர் இருந்தா அதிகம். பல்வலிக்கு என்ன பண்றதுன்னு கேட்டவங்கதான் நூத்துக்கணக்குல. அண்ணன் ரெண்டுக்கும் ஒரே மாதிரி யோசிப்பான்" என்றார் ஒருநாள்.

அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட முழுசாக இல்லை. ஒவ்வொன்றிலும் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு காணோம். கத்தரியால் மடிப்போடு ஒட்டி, நேராக வெட்டப்பட்டிருந்தது. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் உலகப் போரின் கடைசி வருடம் ரீன்ஹார்டைப் பேச்சுக்காகச் சிறையில் போட்டார்கள். கட்சி அலுவலகத்தைச் சோதனை போட்டார்கள். அடுத்தது வீடுதான் என்று சேதி வந்தது. கடிதம் எழுதினவர்களின் பெயரும் ஊரும் போலீஸ் கையில் கிடைத்தால் அத்தனை பேருக்கும் வேலை போகும், சிலருக்குச் சிறையும் கிடைக்கும். மொத்தமாக எரித்துவிட ஒட்டிலிக்கு மனம் வரவில்லை. அதனால் பெயர் இருந்த பகுதியை மட்டும் வெட்டிச் சமையலறை அடுப்பில் போட்டார். தலைப்பில் ஊர்ப்பெயர் இருந்தால் மையால் அடித்தார். வீட்டுக்குப் போலீஸ் வரவே இல்லை.

அவர் வெட்டியது பெயரை மட்டும் அல்ல என்பது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. ஒரு தாளை எடுத்து நீங்களே செய்து பாருங்கள். எழுத்து மேலே தெரியும்படி வையுங்கள். மேல் பங்கை நடுப்பங்கின் மேல் மடியுங்கள். பிறகு கீழ்ப் பங்கை அதன் மேல் மடியுங்கள். இப்போது வெளியே தெரிவது எது? கீழ்ப் பங்கின் முதுகு. ரீன்ஹார்ட் எல்லாக் கடிதங்களையும் இப்படித்தான் மடித்துக் கட்டிவைப்பார். வெளியே தெரியும் அந்த முதுகில், என்ன பதில் எழுதவேண்டும் என்று பென்சிலால் இரண்டு வரி குறிப்பார். அதைப் பார்த்து ஒட்டிலி தட்டச்சு செய்வார். கார்பன் வைத்து நகல் எடுத்தால் தாள் செலவு. குறிப்புதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். கட்டை அவிழ்க்காமலே யாருக்கு என்ன சொன்னோம் என்று ஒரு புரட்டலில் தெரிந்துகொள்ளலாம். அழகான ஏற்பாடு. ஆனால் பெயருக்குப் பின்பக்கம்தான் பதில். பெயரை வெட்டினால் பதிலும் போகும். எங்களிடம் இருந்தவை வெறும் கேள்விகள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹில்மா ரண்டாலா என்ற பின்லாந்துக்காரப் பெண்மணி வந்தார். மிச்சிகனின் தாமிரச் சுரங்கப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்தவர். கனத்த கம்பளிக் கோட்டைக் கழற்றவே இல்லை. அங்கே நடந்த வேலைநிறுத்தத்தின்போது அவருடைய கணவர் எய்னாரி சிறையில் நிமோனியா கண்டு இறந்துபோனார். அதற்கு முன்னால், மறியலை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பலாமா என்று வாக்டெலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வந்த அன்று ஹில்மா மாட்டுக்கொட்டகையில் இருந்தார். உள்ளே வருவதற்குள் எய்னாரி அதைப் படித்து எரித்துவிட்டார். என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லை. மறுநாள் மறியலுக்குப் போய்க் கைதானவர் வீடு திரும்பவில்லை.

"இருவத்தஞ்சு வருசமா உங்க அண்ணனத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றார் ஹில்மா, ஒட்டிலியைப் பார்த்து. "திட்டுறது நியாயம்தானான்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

ஒட்டிலி எழுந்து தாமிர வேலைநிறுத்தக் காலத்துப் பெட்டியை எடுத்துவந்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. எய்னாரிக்கு ஆங்கிலம் எழுத வராது, மளிகைக்கடைக்காரர்தான் எழுதிக்கொடுத்தார் என்பதால் கையெழுத்தும் உதவாது. ஒவ்வொரு கடிதமாக நான் வாசித்தேன். ஹில்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு கடிதத்தில், பசுவை விற்றாயிற்று, மூன்று பிள்ளைகளில் நடுப்பெண்ணுக்கு மார்ச்சளி, மனைவி ஒரு வாரமாகப் பேசுவதில்லை என்று வந்தது. ஹில்மா கையை நீட்டினார். நான் கொடுத்தேன். 'தோழரே, யூனியன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் வேலை தருகிறேன் என்கிறான் மேஸ்திரி. நான் என்ன செய்யட்டும்' என்பதோடு தாள் முடிந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

மடிப்பு விஷயத்தை நான்தான் விளக்கினேன். வெறும் தாள் ஒன்றை எடுத்து மடித்தும் காட்டினேன். பாதியிலேயே, செய்யாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஹில்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"வெட்டும்போது பின்பக்கம் எழுத்து இருந்தது தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றார் ஒட்டிலி. "அண்ணன் ஜெயில்ல இருந்து வந்ததும் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். திரும்பி வந்தான். ஆனா என்னையே சில நாள் அவனுக்கு அடையாளம் தெரியல. அப்புறம் அவனும் இல்ல."

"தட்டச்சு பண்ணினது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

ஒட்டிலி கடிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை போதும் என்று அங்கே இருந்த மூவருக்கும் தெரியும். மறியலை விட்டு வீட்டுக்குப் போகச் சொன்னான் என்றால் ஹில்மாவின் கோபம் செத்துப்போன புருஷன் பக்கம் திரும்பும். நில் என்று சொன்னான் என்றால் அண்ணனின் பெயர் அந்த வீட்டில் என்றைக்கும் கெட்டே கிடக்கும். ஒட்டிலியின் உதடு ஒரு தடவை அசைந்தது. அண்ணனைக் காப்பாற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தக் குளிர்காலத்துல ரெண்டு விதமாவும் எழுதினான். சின்னப் பிள்ளைங்க இருக்கிற சிலருக்கு வீட்டுக்குப் போன்னு எழுதினான். சிலருக்கு, நீ போனா உனக்குப் பின்னால அம்பது பேர் போவாங்க, நில்லுன்னு எழுதினான். ஒங்க வீட்டுக்காரருக்கு எதுன்னு எனக்கு ஞாபகம் இல்லம்மா. தினமும் அவ்வளவு அடிச்சேன். எழுதினவங்க மனுசங்களாவே தெரியாமப் போச்சு."

ஹில்மா கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நீங்க எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்."

ஹில்மாவின் குரலில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

கடிதத்தைக் கொடுக்க முடியாது, படி எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார் ஹில்மா. மனைவி பேசுவதில்லை என்ற வரிமேல் விரலை வைத்து, "கடைக்காரன்கிட்டப் போய் இத எதுக்குச் சொன்னாரு, கிறுக்கு மனுசன்" என்றார். கடிதத்தை வைக்கும் உறைமேல் கணவரின் பெயரை எழுதுவீர்களா என்று கேட்டார். எழுதினேன். எய்னாரி ரண்டாலா. மை காயும்வரை பக்கத்திலேயே நின்றார். அதற்குப் பிறகு ஒட்டிலி நீட்டிய கையைப் பார்த்தும் பார்க்காததுபோல் கதவை நோக்கி நடந்தார்.

ஒட்டிலி கையை மேசைமேல் வைத்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த கடிதத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து மெதுவாக, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.