மாதா பீடத்தில் வைத்த பொக்கே

என் தங்கை கிளாராவின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு முழம் நிஜப் பூ வாங்கவில்லை. திண்டுக்கல்லில், அதுவும் மே மாதத்தில், பூ மார்க்கெட்டில் மல்லி குவிந்து கிடக்கிற நாளில், அத்தனை பூவையும் காகிதத்தில் செய்தேன். கேட்டவர்களிடம் புது ஃபேஷன் என்றேன். வாடாது என்றேன். தங்கைக்கு என் கையாலேயே எல்லாம் செய்து பார்க்க ஆசை என்றேன். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. கிளாராவுக்கு மல்லிகை வாசம் ஆகாது. பக்கத்தில் வந்தால் பத்து நிமிஷத்தில் மூச்சு இழுப்பு வந்துவிடும்.

இழுப்பு இருப்பதை மறைக்காமல் சொன்னதால்தான் முதலில் வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டாரும் திரும்பிப் போனார்கள். வடமதுரைக்காரர்கள் காப்பியைக்கூட முடிக்கவில்லை. 1998இல் கிளாராவுக்கு இருபத்தொன்பது வயது. நான்காவது வரன் வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன், இருவரும் இழுப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை இனிகோ செம்பட்டியில் வாத்தியார். கிளாராவுக்கு அவரைப் பிடித்திருந்தது. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று அவள் சொன்னதே அதுதான் முதல் தடவை. ஊரில் நிலம் இருக்கிறது என்றார்கள். என்ன வெள்ளாமை என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. நிச்சயம் முடிந்து, பத்திரிகை விஷயமாக நானும் அப்பாவும் சித்தையன்கோட்டைக்குப் போனபோதுதான் பார்த்தோம். வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர் மல்லி.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா மெதுவாக, "இப்பச் சொன்னா இதுவும் போயிரும்மா" என்றார். என் மனமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் குடியிருக்கப் போவது செம்பட்டியில், வாடகை வீட்டில். கல்யாணத்தன்று ஒரு நாள் தப்பித்துவிட்டால் போதும், பிறகு அவளே புருஷனிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்வாள். மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் சொல்லும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுப்பெல்லாம் ஒரு தடையா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

நான் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர். கிரேப் காகிதமும் கட்டுக்கம்பியும் மைதா பசையும் எனக்குப் பழக்கமானவை. ரோஜா இதழைப் பென்சிலில் சுருட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டால் நிஜம் தோற்றுப்போகும். மல்லி மொட்டுதான் உயிரை எடுத்தது. துளிப் பஞ்சை உருட்டி, அதன்மேல் வெள்ளைக் காகிதத்தைத் திருகி, காம்பில் பச்சை சுற்ற வேண்டும். ஒரு மாலைக்கு ஆயிரம் மொட்டு. இரண்டு வாரம் பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்தால் விரல் நுனி மரத்துப்போகும் வரை எழுந்திருக்க மாட்டேன். பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு அதுவே முழுநேர வேலையானது.

ஒருநாள் கிளாரா ஒரு மொட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "அக்கா, கிட்டக்க பாத்தா மல்லி இப்படித்தான் இருக்குமா?"

"இருக்கும் இருக்கும். பேசாம காம்பைச் சுத்துடி" என்று எரிந்து விழுந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா செபாஸ்தியம்மாள் காகிதப் பூ விஷயம் கேள்விப்பட்டு நேரிலேயே வந்துவிட்டார். விடிகாலையில் பூ எடுத்து எடுத்து விரல்களில் கறை ஏறிய மனுஷி. அவர் தலையில் ஒரு பந்து மல்லி இருந்தது. கிளாராவைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு நான்தான் பேசினேன்.

"ஊருக்கெல்லாம் பூவு குடுக்குற வீடு எங்க வீடு. எம் மருமகளுக்குக் காகிதமா தாயி?"

"அவளுக்கு ஆசை அத்தை. நாங்களே செய்யணும்னு."

அவர் மாலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனசு நொந்தது முகத்தில் தெரிந்தது. "அம்புட்டும் கையால செஞ்சதா? நல்லாத்தேன் இருக்கு. மாலை உங்க இஷ்டம். தலைக்காச்சும் எங் கையால ஒரு முழம் வைக்கிறேன்."

"பூசை முடியட்டும் அத்தை, பாத்துக்கலாம்" என்றேன். அந்த நிமிஷம் அவரை அனுப்பினால் போதும் எனக்கு. சொன்ன வாக்கை அவர் மறக்க மாட்டார் என்பது உறைக்கவில்லை.

என் சாமர்த்தியம் பொக்கேயில்தான் இருந்தது. கல்யாணப் பெண் கோயிலுக்குள் கைப்பை கொண்டுபோக முடியாது. அதனால் இருபது காகித ரோஜாவுக்கு நடுவில் அவள் இழுப்புக்கு அடிக்கிற மருந்துப் பம்ப்பை வைத்து, விழுந்துவிடாதபடி கட்டுக்கம்பியால் இறுக்கினேன். மூச்சு முட்டினால் பூவை முகர்வதுபோல் குனிந்து ஒரு அழுத்து அழுத்த வேண்டியது. அடுப்படியில் ஒத்திகை பார்த்தோம். 'புஸ்' என்று சத்தம் வந்ததும் கிளாரா விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி.

திங்கட்கிழமை காலை பூசை. கோயிலுக்குள் நுழைந்ததும்தான் பார்த்தேன். சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்த பெண்கள் அத்தனை பேர் தலையிலும் மல்லி. பீடத்தையும் மாலையையும் பற்றி யோசித்தவள், வருகிறவர்கள் தலையைப் பற்றி யோசிக்கவில்லை. பிரசங்கத்தின்போது கிளாரா பொக்கேக்குள் முகத்தைப் புதைத்தாள். பாட்டு நடக்கும்போது இன்னொரு தடவை.

"காகிதத்துல என்னத்த மோந்து பாக்குது பொண்ணு?" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வாக்குக் கொடுத்தாள். தாலி ஏறியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

நற்கருணை வாங்கி, பூசை முடிந்து, சாமியார் கையைக் காட்டினார். இருவரும் மாதா பீடத்துக்கு நடந்தார்கள். முழந்தாளிட்டார்கள். கிளாரா ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பொக்கேயை மாதாவின் காலடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பெண் கையில் இருக்கும் பொக்கே மாதாவுக்குத்தான் என்பதை நூறு கல்யாணத்தில் பார்த்தவள் நான். பிறந்ததிலிருந்து இந்தக் கோயிலுக்கு வருகிறவள். பம்ப்பை எங்கே ஒளிப்பது என்று யோசித்த எனக்கு, அந்தப் பூ எங்கே போய்ச் சேரும் என்பது நினைவுக்கு வரவில்லை. இன்னொரு பம்ப் வீட்டு அலமாரியில் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நின்றேன். போட்டோக்காரர் எல்லோரையும் பீடத்துப் படியில் வரிசையாக நிறுத்தினார். அப்போதுதான் செபாஸ்தியம்மாள் மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். காலையில் எடுத்த மொட்டு, நெருக்கமாகக் கட்டிய ஒரு முழம்.

"அத்தை..." என்றேன்.

"பூசை முடிஞ்சிருச்சுல தாயி?" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டே, கிளாராவின் தலையை மூடியிருந்த நெட்டைத் தூக்கி அதைச் சொருகினார். கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார்.

ஒரு போட்டோ எடுத்தார்கள். இரண்டாவது போட்டோவில் கிளாராவின் தோள்கள் மேலும் கீழும் போக ஆரம்பித்தன. எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்துக் குழி உள்ளே இழுப்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஆனாலும் நான் ஓடவில்லை. இன்னும் இரண்டு போட்டோதானே, தாங்கிக்கொள்வாள், எல்லோர் முன்னாலும் பீடத்தில் கை வைத்தால் அத்தனையும் வெளியே வந்துவிடுமே என்று நின்றேன். எத்தனை நேரம் நின்றேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

கிளாராவின் உதடு நீலமாகிக் கால் மடங்கியபோதுதான் ஓடினேன். மாதா காலடியிலிருந்து பொக்கேயைப் பிடுங்கினேன். யாரோ "ஐயையோ!" என்றார்கள். ரோஜாக்களைப் பிய்த்தேன். பம்ப் வரவில்லை. நானே இறுக்கிய கம்பி. பல்லால் கடித்தேன், நகம் பிய்ந்தது, காகித இதழ்கள் படியெல்லாம் சிதறின. கடைசியில் அப்பா கையைக் கொடுத்து முறுக்கிப் பிரித்தார். நான் அவள் தலையிலிருந்த பூவை இழுத்து எறிந்தேன். இனிகோ அவளை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தார். ஒரு அழுத்து. இரண்டு. நான்கு. கோயிலில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

வெகு நேரம் கழித்து உதட்டில் நிறம் வந்தது.

"எம்புட்டு நாளா இருக்கு?" என்று இனிகோ அவளிடம் கேட்டார்.

"சின்னப் பிள்ளையில இருந்து."

அவர் அவள் முதுகைத் தடவிவிட்டார். என்னைப் பார்த்து, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

செபாஸ்தியம்மாள் அசையாமல் நின்றிருந்தார். படியில் கிடந்த மல்லியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எங் கையால வச்சேனே" என்றார். "மூணு வாரம் ஓலை வாசிச்சாகளே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொண்டாந்திருப்பனா?"

பிறகு அவர் தன் தலையிலிருந்த பூவைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய் எறிந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயடியில் மண்ணை அள்ளிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். முப்பது வருஷம் பூ எடுத்த கையில் அந்த வாசம் எப்படிப் போகும்?

ஈரக் கையோடு திரும்பி வந்தவர் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. கிளாரா இனிகோவின் தோளில் சாய்ந்து, மாமியாரைப் பார்த்துக் கை நீட்டினாள். அவர் அவளிடம் பேசாமல் என்னிடம்தான் கேட்டார்.

"நான் எம் மருமக கிட்டக்க வரலாமா தாயி?"

கையில் பம்ப்பை வைத்துக்கொண்டு காகிதப் பூக்களுக்கு நடுவில் நின்றேன்.