கூடத்தில் மாட்டிய வாசகசாலை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி, தான் வரைந்த நீர்வண்ண ஓவியத்தை வீட்டுக் கூடத்தில் ஆணியடித்து மாட்டிய ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து, அந்தக் கூடத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை. தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை. சமையலறைக்குப் போனால் குரல் வந்தது, மாடிப்படியிலும் வந்தது. கூடத்துக்குள் கால் வைத்ததும் வாய் அசைந்தது, சொல் மட்டும் வெளியே வரவில்லை. தும்மலும் இருமலும் வழக்கம்போல் கேட்டன. அவள் கணவன் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்து வண்டிகளை அறிவிக்கிறவன். "ஊருக்கே நான்தான் கத்துறேன், என் வீட்டுக் கூடத்துல எனக்கே வாய்ப்பூட்டா?" என்று சமையலறையில் நின்று கேட்டான். "ஈரம் காஞ்சா சரியாயிடும், விடுங்க," என்றாள் அவள். ஈரம் காய்ந்தது. சரியாகவில்லை. பழகிவிட்டது.

ஓவியத்தில் இருந்தது நகரத்தின் பழைய வாசகசாலை. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை, சுவர் முழுக்க எழும்பிய ஜன்னல்கள், பச்சை மூடி போட்ட மேசை விளக்குகள், மேல் அலமாரிகளுக்கு ஏறுகிற இரும்புச் சுழல்படி. நூறாண்டு தாண்டிய அந்தக் கூரையில் விரிசல் விழுந்து, இடித்துவிடுவது என்று முடிவானபோது, அவள் ஒரு மாதம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போய் மூலையில் உட்கார்ந்து வரைந்தாள். நீர்வண்ணத்தில் வெளிச்சத்துக்கென்று தனிச் சாயம் கிடையாது. காகிதத்தைத் தொடாமல் விட்டால் அதுதான் வெளிச்சம். ஜன்னல்கள் அத்தனையையும் அவள் தொடாமல் விட்டாள். வாசகசாலையின் குடிதண்ணீர்க் குழாயில் பிடித்த தண்ணீரில் சாயம் கரைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று பிறகு சிலர் சொன்னார்கள். அந்தத் தண்ணீரை ஊரில் பாதிப் பேர் குடித்திருக்கிறார்கள், ஒருவருக்கும் பேச்சு நிற்கவில்லை. படத்தின் நடுவில் நீள மேசை ஒன்று. அதில் நாளிதழின் ஒரு பாதியை விரித்துக் குனிந்திருப்பவன் அவளுடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக்.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அப்பாவின் நெஞ்சில் உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, தம்பி வேறொரு ஊரில், பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தான். காத்திருக்க நேரமில்லாமல் அக்கா கையெழுத்துப் போட்டாள். அப்பா பிழைக்கவில்லை. கிரீஸ் படிந்த கையோடு ஓடிவந்த தம்பி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "கொன்னுட்டியே." அதோடு சரி. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஆனால் சின்ன வயதில் அப்பா பழக்கிய வாசகசாலையை மட்டும் இருவரும் விடவில்லை. மாலையானால் அதே நீள மேசை, எதிரெதிர் நாற்காலி. பேசக்கூடாது என்பது அங்கே சட்டமாக இருந்ததால், அவர்கள் பேசாமல் இருப்பது யாருக்கும் சண்டையாகத் தெரியவில்லை. அவன் நாளிதழின் முன்பாதியைப் படித்துவிட்டு அவள் பக்கம் தள்ளுவான். அவள் பின்பாதியை அவன் பக்கம் தள்ளுவாள். அவன் தாளைத் தூரப் பிடித்துப் படிக்கத் தொடங்கிய வருஷம், அவளே கணக்குப் போட்டு ஒரு கண்ணாடி செய்து, மடிப்புக்குள் வைத்துத் தள்ளினாள். அவன் போட்டுப் பார்த்தான். பிறகு கழற்றவில்லை.

வாசகசாலையை இடித்ததும் அந்தச் சந்திப்பும் நின்றது. மற்றவர்கள் ஒவ்வொருவராக அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வாழ்நாளெல்லாம் பிறர் பேசக் கேட்டு அலுத்தவர், கூடத்தில் ஒரு நிமிஷம் நின்றார், மறுநாள் புத்தகமும் நாற்காலியுமாக வந்துவிட்டார். வேலை முடிந்த பால்வண்டிக்காரர் வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வந்தாள். கூடம் நிரம்பியது, கணவன் சமையலறைக்குக் குடிபெயர்ந்தான். நகரசபைத் தலைவர் ஓவியத்தை ஒரு கூட்டத்துக்கு இரவல் வாங்கிப் போனார். அன்று எல்லாத் தீர்மானங்களும் மறுபேச்சில்லாமல் நிறைவேறியதால், எதிர்க்கட்சிக்காரர்களே மறுநாள் அதைச் சுமந்து வந்து திருப்பிக் கொடுத்தார்கள். கூடத்தில் எவ்வளவு நெருக்கடியானாலும் தன் எதிரில் ஒரு நாற்காலியை மட்டும் அவள் யாருக்கும் விடவில்லை.

தம்பி ஒரு மழைக்காலத்தில் வந்தான். குடையை வாசலில் சாத்திவிட்டு, ஓவியத்தின் முன்னால் நின்று அதில் தன்னைக் கண்டுபிடித்தான். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் நாளிதழின் பின்பாதியை அவன் பக்கம் தள்ளினாள். இப்படியே வருஷங்கள் போயின. அவன் தலை நரைத்தது, அவள் ஒரு பல்லை இழந்தாள், இரண்டு அரசாங்கங்கள் மாறின. கூடத்தில் எவரும் ஒரு சொல் பேசவில்லை.

ஒரு மாலை, தம்பி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்துப் பேசினான். உதடுகள் அசைந்தன. நடுவில் ஒருமுறை அவை ஒட்டிப் பிரிந்ததில் 'அப்பா' என்ற சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. சத்தம் வராது என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டவன் போல் மறுபடியும் கண்ணாடியைத் தேடினான். சமையலறை வரை கூட்டிப் போவதற்குள் இவன் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலிமேல் ஏறி, ஓவியத்தை ஆணியிலிருந்து எடுத்து, மாடிப்படியில் கொண்டுபோய்ச் சாத்தினாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் நீதிபதி. தன் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "இப்ப சொல்லு," என்றாள் தம்பியிடம்.

"ஒண்ணுமில்ல."

"சொல்லுடா."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "அப்பாவை உள்ள தள்ளிட்டுப் போனப்ப... ஏதாவது சொன்னாராக்கா?"

"சொன்னார். உன்கிட்ட சொல்லச் சொன்னார்."

"என்ன?"

"இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ரொம்பக் கிறீச்சிடுது, சின்னவன் வந்ததும் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பயமே இல்லடா அவருக்கு. லிஃப்டைப் பத்தித்தான் கவலை."

தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறாகி, அவன் முகத்தை நாளிதழால் மூடிக்கொண்டான். நர்ஸ் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

"அன்னிக்கு நான் சொன்னது..."

"அது இன்னும் வலிக்குது," என்றாள் அக்கா. "வா, சாப்பிட்டுகிட்டே பேசலாம்."

கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டு, கரண்டியும் கையுமாக ஓடிவந்த கணவன் வாசலில் நின்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனையும் இழுத்துக்கொண்டு இருவரும் சமையலறைக்குப் போனார்கள். கூடத்தில் இருந்தவர்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு பால்வண்டிக்காரர் படியிலிருந்து ஓவியத்தை எடுத்துவந்து, கோணலில்லாமல் மாட்டினார். கூடம் அடங்கியது. சமையலறையிலிருந்து அக்காவும் தம்பியும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துப் பேசுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது, நிற்கிற வழியாக இல்லை. நீதிபதி எழுந்து போய்ச் சமையலறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.