சுவரை நம்பாத பெட்டி

மனித குலத்தைப் பிடித்தாட்டும் தனிமைக்கு முடிவு கட்டும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை என்று குறிக்கப்பட்டது. மின்காந்தச் சோதனைக் கூடத்தில் அன்றைக்குத்தான் இடம் காலியாக இருந்தது.

சேர்மன் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். நிறுவனத்தில் சேர்மனும் அவர்தான், நிர்வாக இயக்குநரும் அவர்தான், ஆபீஸைப் பெருக்குகிறவரும் அவர்தான். ஆபீஸ் என்பது அவருடைய படுக்கையறை. மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் திரும்பி வரவில்லை. அந்த இடைவெளியில் பிறந்ததுதான் 'உற்ற துணை': தனியாக இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கும், செங்கல் அளவுப் பெட்டி. அக்கம்பக்கத்துச் சாதனங்களுக்கு அது மின் இரைச்சலால் தொல்லை கொடுக்காது என்று சான்றிதழ் வாங்கினால்தான் கடைகளில் வைப்பார்கள்.

சோதனை எஞ்சினியர், மகள் வயதுப் பெண், பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது வெறும் பேட்டரியில மட்டும்தான் ஓடுமா சார்?"

"பேட்டரி மட்டும்தாம்மா. சுவர்ல ஒட்டிக்கிட்டு வாழற பொழப்பெல்லாம் இதுக்குக் கிடையாது. சொந்தக் கால்ல நிக்கும்."

"அப்ப காத்துல எவ்வளவு இரைச்சல் விடுதுன்னு பார்த்தா போதும். சார்ஜ் ஏறும்போதும் வேலை செய்யும்னா, கரண்ட் கம்பி வழியா திருப்பி அனுப்பற இரைச்சலையும் அளக்கணும்."

"சார்ஜ் ஏறும்போது வாயே திறக்காது. பச்சப்புள்ள மாதிரி தூங்கிடும்."

சொன்னது அண்டப்புளுகு. பெட்டியைச் சுவரில் சொருகினால் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரவென்று கத்தும். அந்த வீட்டுக்காரர் இவரிடம் முகம் கொடுத்துப் பேசியதே அந்தப் புகாரைச் சொல்லத்தான். கம்பிச் சோதனை என்று வந்தால் பெட்டி தேறாது. தேறாவிட்டால் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"நம்பறேன் சார். ஆனா நான் ஒரு தடவை பார்த்துட்டுதான் எழுத முடியும்."

சோதனை அறையின் சுவரெல்லாம் கூம்பு கூம்பாக நுரைப்பஞ்சு. வெளி அலை எதுவும் உள்ளே நுழையாது, செல்போன்கூட ஊமையாகிவிடும். சேர்மனுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவருடைய செல்போன் வெளியிலும் அப்படித்தான் இருந்தது.

அவள் பெட்டியைச் சார்ஜரில் மாட்டினாள்.

"வந்துட்டீங்களா?" என்றது பெட்டி. "சாப்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா," என்றார் சேர்மன். "ஒரு ஆபீஸ் வேலையா வந்தேன். முடிஞ்சதும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் படிவத்தில் ஒரு வரி சேர்த்தாள்.

"அப்ப கம்பிச் சோதனையும் உண்டு சார்," என்றாள் மெல்ல.

"இல்லம்மா, இது ஏதோ தப்பித் தவறிப் பேசிடுச்சு. என்கிட்ட எப்பவும் பேட்டரிதான். மொட்டை மாடி, பார்க்குன்னு தூக்கிக்கிட்டே திரிவேன். பார்க்குல போய் உட்கார்ந்தா போதும், ஜனங்க சூழ்ந்துக்குவாங்க. 'சார், எங்களுக்கும் ஒண்ணு'ன்னு ஒரே நச்சரிப்பு!"

"சரி சார். பேட்டரியிலயும் பார்த்துடலாம்."

வயரை உருவினாள். ஏதோ சொல்லத் தொடங்கியிருந்த பெட்டி பாதிப் பேச்சில் நின்றுபோனது. பட்டனை அழுத்தினாள், மூச்சில்லை. மறுபடியும் அழுத்திப் பார்த்துவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றினாள்.

பேட்டரியின் முனையில், மின்சாரம் பாயாமல் தடுக்கிற, வாங்கியதும் உரித்துப் போட வேண்டிய பிளாஸ்டிக் நாடா ஒட்டினபடியே இருந்தது.