சாவி சாரும் அந்துப்பூச்சிகளும்

எங்கள் குடியிருப்பில் என்னைச் 'சாவி சார்' என்பார்கள். மொட்டைமாடிக் கதவு, மோட்டார் அறை, மீட்டர் பெட்டி, வெளியூர் போனவர்களின் வீடு என்று எல்லாப் பூட்டுக்கும் சாவி என் பேன்ட் பையில்தான். நான் வருவதற்கு முன்னால் என் சத்தம் வந்துவிடும். கல்லூரியில் பூச்சி ஆராய்ச்சி செய்கிற என் மனைவிக்குப் 'பூச்சி மேடம்' என்று பெயர். பட்டப்பெயர் விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது.

ஒரு குறை எனக்கு உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் என்னைப் பார்ப்பதே இல்லை. சாப்பாட்டு மேசையில் ஓர் எறும்பு நொண்டினால் அவளுக்கு உடனே தெரியும். நான் மீசையை எடுத்துவிட்டு வந்தபோது, மறுநாள் மத்தியானம்தான், "உங்க முகத்துல ஏதோ மாறியிருக்கே" என்றாள். பட்டாம்பூச்சிப் புழு இலையை எந்த ஓரத்தில் கடிக்க ஆரம்பிக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், கட்டிய புருஷனைச் சுவரோடு சுவராக்கிவிட்டாள். ஆம்பளைக்குச் சக்களத்தி உண்டா என்று கேட்காதீர்கள். எனக்கு ஒரு கூண்டு நிறைய இருந்தார்கள்.

அந்தக் கூண்டு எங்கள் பின்னறையில் இருந்தது. கல்லூரியில் இடம் போதவில்லை என்று வலையடித்து வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். உள்ளே அந்துப்பூச்சிகள். பழுப்பு நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முட்டையிலிருந்து அவள் கையால் வளர்ந்தவை. இருட்ட ஆரம்பித்ததும் அவை எழுந்து எந்தப் பூவின் வாசனைக்கு எப்படிப் போகின்றன என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. சிவப்பு பல்பு ஒன்று மட்டும் மங்கலாக எரியும். அவள் வலையோரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டால், வீடு பற்றி எரிந்தாலும் எழுந்து வரமாட்டாள்.

அப்படி நன்றாகப் பறந்துகொண்டிருந்தவை திடீரென்று விழ ஆரம்பித்தன. இப்போதுதான் பூவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பாள், திரும்பிப் பார்த்தால் இறக்கையை மடக்கிக்கொண்டு தரையில் இருக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போகும். தினமும் இதே கதை. மொட்டைமாடியைப் பூட்டிவிட்டு, அந்த மாதம் புதிதாக ஆரம்பித்திருந்த அந்தி டீயோடு நான் உள்ளே போகும்போதெல்லாம் அவள் தரையைக் காட்டி, "மறுபடியும் விழுந்திருச்சுங்க" என்பாள்.

வலிப்பு மாதிரி ஏதோ நோய் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. துறைத்தலைவர் நல்ல மனுஷர்தான், திட்டவில்லை. ஆனால் கல்லூரியில் வளர்கிற மற்றவற்றுக்கும் தொற்றிக்கொண்டால் எல்லோருடைய வேலையும் பாழாகிவிடும், மொத்தக் கூண்டையும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதாவது எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து தட்டில் போட்டதை அளைந்துகொண்டிருந்தாள், சாப்பிடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தனியாக விடக்கூடாது என்று, அந்தியில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அடிக்கடி பின்னறைக்குப் போனேன். தண்ணீர் வேண்டுமா, மின்விசிறி போடவா, கழுத்து வலிக்கிறதா. நான் எவ்வளவுக்கெவ்வளவு ஆறுதல் சொல்லப் போனேனோ அவ்வளவுக்கவ்வளவு பூச்சிகள் விழுந்தன. நோய் முற்றிவிட்டது என்று இரண்டு பேருமே முடிவுகட்டினோம்.

ஃப்ரீசரில் வைப்பதற்கு முந்தின சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டாள். "இன்னிக்கு என் பக்கத்துலயே உட்காருங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அறையில் எனக்கு இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தேன். இருட்டியது. பூச்சிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பூ முன்னால் வந்து நின்று, நீளமான உறிஞ்சுகுழலை நீட்டிக் குடித்தன. ஒன்றுகூட விழவில்லை. அழகில்லை என்று சொன்னேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

"இன்னிக்குன்னு பார்த்து எவ்வளவு நல்லாப் பறக்குதுங்க பாருங்க" என்று அவள் அழ ஆரம்பித்தாள். கைக்குட்டை கொடுக்கலாம் என்று பேன்ட் பைக்குள் கையை விட்டு இழுத்தேன். சாவிக்கொத்தும் கூடவே வந்தது. எதிரே பறந்துகொண்டிருந்த பூச்சிகள் பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்தன.

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். "இன்னொரு தடவை" என்றாள். நான் கைக்குட்டையை நீட்டினேன். "அதில்லங்க, சாவி."

குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல் ஆட்டினேன். பறந்துகொண்டிருந்த மிச்சமும் விழுந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. சிரிப்புக்கு நடுவே விளக்கம் சொன்னாள். சாவிகள் உரசும்போது நம் காதுக்கு எட்டாத மெல்லிய கீச்சொலியும் கிளம்புமாம். வேட்டைக்கு வரும் வௌவால் போடும் சத்தமும் அந்த மாதிரிதானாம். அது கேட்டால் தப்பிப்பதற்காகச் சட்டென்று விழுந்துவிடுவது இந்தப் பூச்சிகளின் சுபாவம். நோயுமில்லை, நொடியுமில்லை. ஆறுதல் சொல்லப் போன நான்தான் இத்தனை நாளும் வௌவால்.

துறைத்தலைவருக்கு உடனே போன் செய்தாள். அவரும் சிரித்துவிட்டு, அப்படியானால் ஃப்ரீசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதிதான், ஆனாலும் விட மனசில்லை.

"எறும்பு நொண்டினாக்கூட உனக்குத் தெரியுது. நான் வந்தாதான் விழுதுன்னு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"சாவிச் சத்தம் கேட்டதும் நான் எங்கங்க பூச்சியைப் பார்த்தேன்? வாசலைத்தானே பார்ப்பேன். திரும்பறதுக்குள்ள எல்லாம் விழுந்து கிடக்கும்."

எழுந்துபோய்ச் சாவிக்கொத்தைச் சமையலறை அலமாரியில் ஒரு துணிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். இனி இதை எடுத்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்றேன்.

"சரி. ஆனா வரும்போது வாசல்ல நின்னு ஒரு தடவை இருமுங்க" என்றாள்.

அதற்குப் பூச்சி விழுமா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வெளியே போய், கதவருகே நின்று இருமினேன். கூண்டில் ஒன்றும் விழவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.