நிறுத்திய பக்கம்

போண்டா சாப்பிட்ட கையைப் பாண்டுரங்கன் இசைவாணியின் பட்டியலில் துடைத்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்தாரா, கவனமில்லாமல் செய்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். எண்ணெய் ஊறி நான்காவது நாவலின் பெயர் தாளின் பின்பக்கமும் தெரிந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஓட்டலின் ஏ.சி. அறை. இருபது கிராமத்துப் பள்ளிகளுக்கு நாவல் வாங்கித் தரப்போகிற ஓர் அறக்கட்டளை கூட்டிய கூட்டம் அது. குழுவில் ஐந்து பேர். பட்டியலில் இருந்த எதையும் ஒருவர்கூடப் படித்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்குக் கூச்சமும் இல்லை.

திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஊரில், ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுப்பவள் இசைவாணி. புத்தகம் நன்றாக இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கேட்டால் நாற்பது தலையும் ஒன்றாக ஆடும். டீச்சர் கொடுத்த புத்தகம் அறுவை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? அதனால் கேட்பதையே விட்டுவிட்டு ஒரு நீள நோட்டுப் போட்டாள். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது பேரையும், எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்பதையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். திட்டு கிடையாது. பரிசு வாங்கிய பெரிய நாவல்களெல்லாம் ஒன்பதாம் பக்கத்திலேயே படுத்துவிட்டன. ரேஷன் கடையில் குடியிருக்கும், குழந்தைகளைக் கண்டு நடுங்கும் பேயின் கதையை முப்பத்தோரு பேர் கடைசிவரை படித்திருந்தார்கள். காணாமல் போன ஆட்டைத் தேடிக் கரும்பு லாரியில் ஏறிப் போகும் மூன்று பெண்களின் கதையை ஏழாம் வகுப்பு சங்கவி மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் 'முடிஞ்சிபோச்சி' என்று எழுதியிருந்தாள். இப்படி இரண்டு வருஷ நோட்டிலிருந்து பொறுக்கியெடுத்த பத்து நாவல்கள்தான் எண்ணெய்த் தாளில் இருந்தன.

பாண்டுரங்கன் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அறக்கட்டளைக்கு ஆலோசகர். மாதிரிக்கு அவள் கொண்டுவந்திருந்த பேய்க் கதையை எடுத்து, நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். ஒவ்வொரு மூலையிலும் எச்சில் ஈரம். தலையில் பேன் பார்ப்பதுபோல் தேடினார், கிடைத்தது.

"பேய் வருதேம்மா. புள்ளைங்க பயந்துக்காதா?"

"பேய்தாங்க சார் பயப்படும். புள்ளைங்க சிரிக்குதுங்க."

"சிரிச்சிக்கினே இருந்தா ஒழுக்கம் எப்ப வர்றது?" அடுத்ததை எடுத்தார். "இதுல மூணு பொட்டப் புள்ளைங்க வூட்ல சொல்லாம லாரி ஏறிப் போவுது. இத்த எப்படிக் குடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

ஆட்டைத் தேடித்தான் போகிறார்கள், ஆடும் கிடைக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்திலிருந்தவர் இன்னொரு தட்டு போண்டா கொண்டுவரச் சொன்னார். இசைவாணிக்கு அருவருப்பாக இருந்தது. எண்ணெய் நாற்றமா, அந்த ஈர விரலா, எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மற்ற நால்வரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கோவிச்சிக்காதீங்க. உங்க லிஸ்ட்ல பாதியாவது வரும்," என்றார் பாண்டுரங்கன், ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தியபடி. "பரிந்துரைக் கடிதம் டைப் பண்ண டைம் இல்ல. கீழ சைன் போட்டுக் குடுங்க, மேல நாங்க அடிச்சிக்கிறோம். இல்லன்னா உங்க ஸ்கூல விட்டுட்டு வளவனூர் பக்கம் குடுத்துடுவாங்க."

பாதி என்றால் ஐந்து. ஐந்தில் சங்கவியின் ஆட்டுக்கதை இல்லாவிட்டாலும் பேயாவது வரும். வெறும் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், போட்டாள். திரும்பும் பஸ்ஸில் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். பிசுபிசுப்பு போகவில்லை. அவர்கள்மேல் வந்த அருவருப்பு, கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் அவள்மேலேயே திரும்பிவிட்டது.

ஒரு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. சங்கவிதான் காம்பஸ் முனையால் டேப்பைக் கிழித்தாள். நாற்பது புத்தகம், நாற்பதும் ஒன்றே. 'பண்பாளன் பரிமளன்' என்று தலைப்பு. படிய வாரிய தலையோடு ஒரு பையன் பெரியவர் ஒருவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். எழுதியவர் பாண்டுரங்கன். முதல் பக்கத்தில் 'மாணவர்கள் விரும்பிப் படிக்கும் நாவல். பரிந்துரை: இசைவாணி, தமிழாசிரியை' என்று அச்சிட்டு, அடியில் அவள் கையெழுத்தையே படமாகப் போட்டிருந்தார்கள். இவ்வளவு அழுக்கான வேலையை இவ்வளவு பளபளப்பான தாளில் அவள் பார்த்ததில்லை.

"திருப்பி அனுப்பிடலாங்க மேடம்," என்றாள் இசைவாணி, தலைமை ஆசிரியை அம்சவள்ளியிடம்.

"சைன் போட்டது நீதானே? வுடு இசை. ஃபோட்டோ கேட்டு வாட்ஸ்அப்ல மெசேஜ் மேல மெசேஜ் வந்துக்கினு இருக்குது. ஆளுக்கொண்ணு கையில குடுத்து நிக்க வை."

நிற்க வைத்தாள். நாற்பது பரிமளன்கள் நாற்பது நெஞ்சுக்கு முன்னால் கும்பிட்டார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள், ஃபோட்டோ என்றால் சிரிக்க வேண்டும் என்பதால்.

அடுத்த வாரமே புத்தகங்கள் திரும்பத் தொடங்கின. நோட்டில் மூன்று, இரண்டு, மூன்று, ஒன்று என்று எண்கள் இறங்கின. சங்கவி நான்காம் பக்கம்வரை போயிருந்தாள். டீச்சர் சொன்ன புத்தகமாயிற்றே என்று இழுத்துப் பிடித்திருப்பாள். நாற்பதும் திரும்பி முடிந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், இத்த நீங்க படிச்சிட்டுத்தான சொன்னீங்க?"

கேள்வியில் கேலி இருந்திருந்தால் இசைவாணி தாங்கியிருப்பாள். அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"உங்க பேரையும் எழுதிட்டேன் டீச்சர். பக்கந்தான் தெரியல."

நோட்டைத் திருப்பி வைத்தாள். நாற்பது பேருக்கு அடியில், குண்டு குண்டாக, 'இசைவாணி டீச்சர்'. அதற்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. சங்கவி பேனா மூடியைக் கழற்றிப் பல்லில் கவ்வியபடி, எழுதுவதற்குக் குனிந்து காத்திருந்தாள்.