சத்தம் போடாமல் சுட்ட மக்கரான்

முதல் தட்டில் பிழிந்த வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டாவது தட்டில் எல்லாம் வெடித்தன. மூன்றாவதிலும் வெடித்தபோது, மாமனார் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனுக்கு, பாதாம் மாவும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்துச் செய்கிற மக்கரான் பிஸ்கட் எதற்கு? காரணம் இருந்தது. மகன் போய்ச் சேர்ந்த பிறகும் மருமகள் அவரோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு, அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் இன்று மாலை வீட்டுக்கு வருகிறார். அவருக்கு மக்கரான் என்றால் உயிர். நேற்று மருமகள் போனில் பேசியது இவர் காதில் விழுந்தது: "வாங்க. ஆனா மாமாவைத் தனியா விட்டுட்டு நான் வரமாட்டேன். அதை நேர்லயே சொல்லிடறேன்."

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. 'போய் நல்லா இரும்மா' என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. வருகிறவருக்குத் தன் கையால் ஏதாவது செய்து வைத்தால் அவளுக்கே புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். மனுஷர் போட்ட கணக்கெல்லாம் இப்படித்தான், வாயைத் திறக்காமலே காரியம் முடிய வேண்டும்.

போனில் ஒரு பெண் செய்துகாட்டும் வீடியோவைப் பார்த்து, மாவை அளவாகக் கலக்கினார். ஃபேன் காற்றில் விரலில் ஒட்டாதவரை காயவைத்தார். ஓவன் சூட்டைக் குறைத்தார். எல்லாம் செய்தும் மக்கரான் மண்டையில் விரிசல். நாலாவது தட்டில் வட்டங்களைப் பிழிந்து முடித்தபோது, மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன மாமா இது, போர்க்களம்?"

"ஒண்ணுமில்லம்மா. வர்றவருக்கு."

அவள் வெடித்த மக்கரான் ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அவருடைய போனை எடுத்து வீடியோவுக்குச் சத்தம் வைத்தாள். 'தட்டை மேடையில ஓங்கித் தட்டுங்க. உள்ளே காத்து நின்னா மேல் ஓடு வெடிச்சிடும்' என்றது அந்தக் குரல்.

"தட்டலையா நீங்க?"

"அந்தப் பொண்ணு தட்டைப் போட்டு அடிச்சுது. வீட்ல யார் மேலயோ கோபம்னு நினைச்சேன்."

"சத்தம் வைக்காமலா பாத்தீங்க?"

"நீ தூங்கிட்டிருந்தியேம்மா."

சிரிக்க வாய் திறந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்குத்தான் மாமா, நான் போகலைன்னு சொல்லப்போறேன். உங்களை எப்படி விட்டுட்டுப் போறது?"

செய்த நல்லதே மாமனாரின் கழுத்துக்குக் கயிறாக வந்து நின்றதே! ஆயுளில் ஒருமுறைகூட வீட்டில் குரல் உயர்த்தாதவர், தட்டைத் தூக்கி மேடையில் படாரென்று அடித்தார். இன்னொருமுறை அடித்தார். மாவில் குமிழிகள் பொட்டுப்பொட்டென்று உடைந்தன.

"கேட்டுக்கோ. நீ போனா இந்த வீடு எனக்கு வெறிச்சோடும். பயமாத்தான் இருக்கு. அது என் பாடு. எனக்குத் துணைக்குன்னு நீ உன் வாழ்க்கையைப் பூட்டி வெச்சா, அந்தச் சோறு எனக்கு எப்படிம்மா இறங்கும்?"

மாவு காய்கிறவரை அவள் பக்கத்திலேயே நின்றாள். தட்டு உள்ளே போனதும் இருவரும் கண்ணாடி முன் குந்திக்கொண்டார்கள். வட்டங்கள் ஒரு கீறல் இல்லாமல் எழும்பின. அடியில் அழகாக நுரை விளிம்பு கட்டியது. மாமனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

தட்டை வெளியே எடுத்து ஆறவைக்கும்போது வாசலில் மணி அடித்தது. மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள் திரும்பி நின்றாள்.

"மாமா, இதே தெருவுல வீடு பாக்கணும்னு சொல்லட்டுமா அவர்கிட்ட?"

அவர் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல கதவைத் திறம்மா. மாப்பிள்ளை வெளியிலயே நிக்கிறாரு."